ஸ்டார்ட்அப் பங்கை விற்றீர்களா? அமெரிக்க வரிக் கணக்கில் எழுதும் முறை

சான் ஹோசே வாசகர்: 2017-இல் வேலைக்குச் சேர்ந்த ஸ்டார்ட்அப்பில் 5,000 டாலருக்குப் பங்கு வாங்கினேன். 2025-இல் விற்றதில் 4,05,000 டாலர் வந்தது. சிறு நிறுவனப் பங்கின் லாபத்துக்குச் சலுகை தரும் அமெரிக்க வரிச் சட்டப் பிரிவு 1202-இன்படி வரி இல்லை என்கிறார்கள். கணக்கில் காட்டாமல் விடலாமா?

விடவே கூடாது. உங்களுக்கு 1099-பி (பங்கு விற்பனை விவரப் படிவம்) வந்திருந்தால் அதன் நகல் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்ஸிடமும் இருக்கிறது. விற்பனையை நீங்கள் காட்டாவிட்டால் 4,05,000 டாலரையும் லாபமாக எடுத்துக்கொண்டு நோட்டீஸ் வரக்கூடும். படிவம் 8949-இன் இரண்டாம் பகுதியில் தேதிகளையும் தொகைகளையும் உள்ளபடி எழுதுங்கள். எஃப் பத்தியில் ‘கியூ’ என்ற குறியீடு. ஜி பத்தியில் 4 லட்சம், கழித்தல் குறியோடு. லாபம் பூஜ்யமாகி, மூலதன லாபத்தைக் கூட்டிக் காட்டும் ஷெட்யூல் டி-க்குப் போகும்.

அதற்கு முன் தகுதியைச் சரிபாருங்கள். பங்கு நிறுவனத்திடமிருந்தே நேரடியாக வந்திருக்க வேண்டும். சக ஊழியரிடம் வாங்கியது சேராது. நிறுவனம் அமெரிக்க சி கார்ப்பரேஷனாக (தன் லாபத்துக்குத் தானே வரி கட்டும் வகை) இருக்க வேண்டும். பங்கு வெளியிட்டபோது அதன் மொத்தச் சொத்து 5 கோடி டாலரைத் தாண்டியிருக்கக் கூடாது (2025 ஜூலை 4-க்குப் பின் வெளியானவற்றுக்கு 7.5 கோடி). மருத்துவம், சட்டம், ஆலோசனை, உணவகம் போன்ற தொழில்களுக்குச் சலுகை கிடையாது. இவற்றை உறுதி செய்யும் கடிதத்தை நிறுவனத்திடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். கைமாறிய நிறுவனத்தில் பழைய கணக்கைத் தேடித் தர யாரும் இருக்க மாட்டார்கள்.

கலிஃபோர்னியா மாநிலம் இந்தச் சலுகையை ஏற்பதில்லை. மாநில வரிக்குப் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

ஆஸ்டின் வாசகர்: 2019-இல் ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கும் உரிமை) தந்தார்கள். 2022-இல் பணம் கட்டிப் பங்காக மாற்றி, 2025-இல் விற்றேன். பிரிவு 1202-க்குத் தேவையான ஐந்தாண்டு ஆகிவிட்டதல்லவா?

இல்லை. பங்கு கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்த தகுதியுள்ள பங்கு என்றால், விற்ற 60 நாளுக்குள் அதே வகையான வேறு பங்கில் முதலீடு செய்து வரியைத் தள்ளிப்போடலாம் (பிரிவு 1045, குறியீடு ‘ஆர்’).

நியூ ஜெர்சி வாசகி: நண்பரின் கம்பெனியில் 80,000 டாலர் போட்டோம். 2025-இல் மூடிவிட்டார்கள். அந்த நஷ்டத்தில் ஆண்டுக்கு 3,000 டாலர்தான் வருமானத்தில் கழிக்க முடியுமாமே?

எனக்கு வரும் கடிதங்களில் மனத்தை வருத்துபவை இவைதான். ஆண்டுக்கு 3,000 என்றால், வேறு மூலதன லாபம் இல்லாதவர்களுக்கு 80,000 கரைய 27 ஆண்டுகள் ஆகும். பிரிவு 1244-ஐப் பாருங்கள். பங்கு வெளியிட்டபோது கம்பெனி திரட்டிய மொத்த மூலதனம் 10 லட்சம் டாலருக்குள் இருந்து, நீங்கள் பணம் கொடுத்து நேரடியாக வாங்கியிருந்தால் வழி இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குக் காட்டும்போது ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வரை சாதாரண நஷ்டமாகச் சம்பளத்திலேயே கழிக்கலாம், தனிநபருக்கு 50,000. இதைப் படிவம் 4797-இல் எழுத வேண்டும். பங்குக்கு மதிப்பே இல்லாமல் போனால், அந்த ஆண்டின் கடைசி நாளில் விற்றதாகக் கொள்வார்கள். நண்பருக்குக் கடனாகக் கொடுத்த பணத்துக்கு இது பொருந்தாது. பங்குச் சான்றிதழையும் வங்கிக் கணக்கையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

சென்னை வாசகர்: அமெரிக்கக் குடியுரிமையோடு ஊர் திரும்பிவிட்டேன். இங்கிருந்து விற்றாலும் 1202 உண்டா?

அமெரிக்காவில் உண்டு. இந்தியாவுக்கு அது செல்லாது. நீங்கள் இங்கே சாதாரணக் குடியிருப்பாளர் ஆகிவிட்டால், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த பங்கின் லாபத்துக்கு 12.5 சதவீத வரியும் செஸ்ஸும் கட்ட வேண்டும். ஊர் திரும்பிய முதல் சில ஆண்டுகளில் ‘சாதாரணமாகக் குடியிராதவர்’ என்ற நிலை பலருக்கும் இருக்கும். விற்பதானால், இந்திய வரி வராமலிருக்க, அந்த நிலை முடிவதற்குள் விற்று, பணத்தை அமெரிக்கக் கணக்கிலேயே பெறுங்கள்.