கட்டைப் பிரிக்கலாமா மிஸ்?

அன்புள்ள ஐயா,

வகுப்பறைச் சத்தம் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். பிள்ளைகள் பேசிக்கொண்டே படிக்கிற வகுப்புதான் நல்ல வகுப்பு என்கிற தொனி அதில் இருந்தது. எனக்கு அதில் சந்தேகம்.

என் மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல" என்பாள். விடாமல் கேட்டால் "குச்சி வச்சு விளையாடினோம்" என்பாள். கணக்கு நோட்டைப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஒரு கணக்கு, மிஞ்சிப்போனால் இரண்டு. அண்ணன் மகனுக்கும் இதே வயது, வேறு பள்ளி. அவன் நோட்டு முழுக்க மூன்று இலக்கக் கழித்தல், பக்கத்துக்குப் பக்கம் டிக். போன வாரம் இவளுக்கு 'செயல்பாடு' என்று ஒன்று கொடுத்தார்கள். செடியின் பாகங்களை வெட்டி ஒட்டி சார்ட் செய்ய வேண்டும். இரவு 11 மணி வரை நான்தான் உட்கார்ந்து ஒட்டினேன். சொல்வதெழுதுதலில் பத்துக்கு நாலு. அந்தத் தாளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

விளையாட்டு, செயல்பாடு என்று சொல்லிப் பொழுதை ஓட்டுகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. பள்ளியை மாற்றலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. உங்கள் கருத்து என்ன?

பி.கு.: இப்போது வீட்டிலும் குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி வைக்கிறாள். ரப்பர் பேண்டெல்லாம் காணாமல் போகிறது. விடுவதா, தடுப்பதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த சார்ட். அதில் நான் முழுக்க உங்கள் பக்கம். இரவு 11 மணிக்கு வேர், தண்டு, இலை எல்லாம் கற்றுக்கொண்டது நீங்கள். உங்கள் மகள் தூங்கியிருப்பாள். மறுநாள் அது வகுப்புச் சுவரில் ஏறியிருக்கும், யாராவது பார்வையிட வந்தால் காட்டியும் இருப்பார்கள். ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கையில் கொடுத்து, மண்ணை உதறிவிட்டு, "இதுல எது எது மண்ணுக்குள்ள இருந்துச்சு?" என்று கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். பசையும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம். செயல்பாடு என்று பெயர் வைத்துவிட்டால் உள்ளே சரக்கு இருக்கும் என்று அர்த்தமில்லை. கை வேலை செய்து, தலை சும்மா இருந்தால் அது வெறும் ஒட்டுவேலைதான்.

ஆனால் குச்சி விஷயம் வேறு. அங்கே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

நான் ஆசிரியன் இல்லை. சில காலம் வாரம் ஒரு நாள் ஒரு தொடக்கப் பள்ளிக்குக் கதை சொல்லப் போய்க்கொண்டிருந்தேன். என் வகுப்புக்கு முந்தைய பாடவேளையில் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். அங்கே ஒரு நாள் கரும்பலகையில் 52-லிருந்து 27 என்று கணக்கு. ஒரு சிறுமி சிலேட்டில் 35 என்று எழுதிக் கொண்டுவந்தாள். டீச்சர் பெருக்கல் குறி எதுவும் போடவில்லை. "எப்படி வந்துச்சு, சொல்லு" என்றார். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு." "மேல இருக்கிறது ரெண்டு, கீழதானே ஏழு?" "பெரிசுல இருந்துதானே மிஸ் சின்னதை எடுக்க முடியும்!" குரலில் லேசான கோபம் வேறு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

யோசித்துப் பாருங்கள், அவள் சொன்ன விதியில் என்ன தப்பு? அதுவரை அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல் தவறுகளை ஆராய்ந்து 1978-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் கவனக்குறைவால் தப்புப் போடுவதில்லை, தாங்களாக உருவாக்கிக்கொண்ட ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றித்தான் தப்பான விடைக்குப் போகிறார்கள் என்பது அதன் சாரம். பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது அந்த விதிகளில் அடிக்கடி கண்ணில் படுவது. நம் சிறுமி அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

டீச்சர் அவளிடம் ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்தார். ஒரு கட்டில் பத்துக் குச்சி. "எனக்கு 27 குடு." இரண்டு கட்டை எடுத்து நீட்டினாள். இன்னும் ஏழு வேண்டும், உதிரியாக இருப்பது இரண்டு. அந்த இரண்டையும் கொடுத்துவிட்டு நின்றாள். மிச்சமிருந்த மூன்று கட்டுகளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், மறுபடி கட்டுகளைப் பார்த்தாள். டீச்சர் வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் உள்ளே துடித்தது, எழுந்துபோய்ச் சொல்லிவிடலாமா என்று. கடைசியில் மெல்லிய குரலில் கேட்டாள்: "கட்டைப் பிரிக்கலாமா மிஸ்?"

'கடன் வாங்கிக் கழித்தல்' என்று நாம் படித்தோமே, அதுதான் இது. ஆனால் நமக்கு யாரும் கடன் கொடுத்தவன் யார், வாங்கியது எது என்று காட்டவில்லை. பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கு, இங்கே பன்னிரண்டு ஆகிவிடும் என்றார்கள். ஒன்று வாங்கினால் எப்படிப் பத்து கூடும் என்று கேட்டால் அடி. (நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.) இந்தச் சிறுமி ரப்பர் பேண்டைக் கழற்றி, பத்துக் குச்சியை மேஜைமேல் பரப்பி, அதிலிருந்து ஐந்தை எடுத்துக் கொடுத்து, மிச்சத்தை இரண்டு தடவை எண்ணினாள். இரண்டு கட்டு, ஐந்து உதிரி. பிறகு சிலேட்டில் இருந்த 35-ஐப் பார்த்தாள். யாரும் சொல்லாமல் எச்சில் தொட்டு அழித்தாள்.

அந்தப் பாடவேளை முழுக்க அவளுக்கு ஒரே கணக்கு. வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பாள்? "குச்சி வச்சு விளையாடினோம்."

உங்கள் அண்ணன் மகனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு நன்றாகவே புரிந்திருக்கலாம். ஆனால் பக்கம் பக்கமாக டிக் இருப்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த முறை அவன் வரும்போது 52-லிருந்து 27 கணக்கைப் போடச் சொல்லி, அந்த ஐந்தை அடித்துவிட்டு மேலே நாலு எழுதுகிறானே, அது ஏன் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். பரீட்சைபோலக் கேட்காதீர்கள், பயந்துவிடுவான்.

சமக்குறியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் என்பவர் இந்த இரட்டைக் கோட்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள்கள் உலகத்தில் வேறு ஏது என்பது அவர் சொன்ன காரணம். நம் பிள்ளைகளுக்கோ அது 'விடையை இங்கே எழுது' என்று காட்டுகிற கைகாட்டி. 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் 8 + 4 = ☐ + 5 என்று கொடுத்தார்கள். 145 பேரும் கட்டத்துக்குள் 12 அல்லது 17 என்றே எழுதினார்கள். ஒருவர்கூட 7 எழுதவில்லை. ஆறு வருட நோட்டுகள், ஆயிரக்கணக்கான டிக்குகள், அவற்றுக்கெல்லாம் பிறகு இது. முதல் வகுப்பில் ஒரு தராசை வைத்து இரண்டு தட்டிலும் கட்டைகளை அடுக்க விட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தராசு வகுப்பும் நோட்டில் பதிந்திருக்காது.

சரி, சொல்வதெழுதுதல். நீங்கள் அனுப்பிய தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன் என்றே சொல்லலாம்.

ஆறு தப்பில் நான்கு ஒரே தப்பு. 'தேன்' என்ற சொல்லில் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய், 'ன்'னுக்கு முன்னால் நிற்கிறது. 'கேள்வி'யிலும் அப்படியே. 'பொம்மை'யில் முதலில் ப எழுதியிருக்கிறாள், பிறகு நினைவு வந்து ஓரக்கோட்டுக்கும் ப-வுக்கும் நடுவில் கொம்பைத் திணித்திருக்கிறாள், அது நசுங்கிப்போய் யாருக்கும் தெரியவில்லை. இது அவள் காதின் நேர்மை. தே என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வருவது த், பிறகுதான் ஏ. காது கேட்ட வரிசையில் கை எழுதியிருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்து, பின்னால் ஒலிக்கிற உயிருக்கான குறியை முன்னால் எழுதச் சொல்கிறது. பொ-வில் இன்னும் மோசம், ஒரே ஒலியை இரண்டாக உடைத்து ப-வுக்கு இரண்டு பக்கமும் நிறுத்துகிறது. நமக்குப் பழகிவிட்டதால் இதன் விசித்திரம் தெரிவதில்லை. எழுத்தை உருவமாக மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்தத் தப்பு வராது. ஒலியைப் பிரித்துக் கேட்கிற பிள்ளைக்குத்தான் வரும். "சொல்லும்போது கடைசியா வர்றது, எழுதும்போது முதல்ல வரும்" என்று ஒரு வாரம் விளையாட்டாகச் செய்தால் போய்விடும்.

ஐந்தாவது, 'பள்ளி'யைப் பல்லி ஆக்கியிருக்கிறாள். அதற்கு உச்சரிப்பு ஒன்றுதான் வழி. நாமே ல, ள வித்தியாசம் இல்லாமல் பேசிவிட்டு அவளிடம் எழுத்தில் மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. ஆறாவதை என்னாலும் படிக்க முடியவில்லை.

இந்த ஆறுக்கும் மேல் சிவப்பு மையில் ஆறு பெருக்கல் குறி, கீழே நாலு. இது எனக்குக் கொஞ்சம் வருத்தம். கணக்கில் குச்சி கொடுத்து யோசிக்க விடுகிற பள்ளி, எழுத்துக்கு வரும்போது பழையபடி எண்ணிக் கழிக்கிறது. ஆனால் ஒன்று, நாற்பது பிள்ளைகளின் தாளைத் திருத்துகிறவரிடம் ஒவ்வொரு தப்புக்கும் காரணம் தேடு என்று சொல்வது எனக்கு எளிது. எனக்கு இருந்தது உங்கள் மகளின் ஒரே ஒரு தாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என்னுடைய சொந்தக் கதைதான். கதை வகுப்பில் நான் கேள்வி கேட்பதில் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அந்த டீச்சர் வெளியே வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், நீங்களே கேட்டுட்டு நீங்களே பாஸ் ஆயிடறீங்க." உண்மைதான். கேள்வி முடிந்த அடுத்த நொடி முன்வரிசைப் பிள்ளை யாராவது கத்தும், இல்லையென்றால் நானே சொல்லிவிடுவேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் இதையேதான் அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று வினாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கின. அடுத்த வாரம் நரி கிணற்றுக்குள் ஏன் இறங்கியது என்று கேட்டுவிட்டு மனசுக்குள் எண்ணினேன். அந்த மூன்று வினாடி ஒரு யுகம். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன், அதுவரை என்னிடம் ஒரு சொல் பேசாதவன், எழுந்தான். "இறங்கல சார், விழுந்துருச்சு. வெளிய சொல்ல வெட்கமா இருக்குன்னு இறங்கினேன்னு சொல்லுது." பல வருடமாக அந்தக் கதையைச் சொல்கிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை.

"இன்னைக்கு என்ன படிச்சே?" என்று நீங்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அந்த ஒரு வினாடிக் கேள்விதான். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுக்க நடந்ததைச் சுருக்கி ஒரு வரியில் சொல்ல வராது. நமக்கே ஆபீஸ் விட்டு வந்ததும் யாராவது கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதானே சொல்கிறோம்? அதற்குப் பதில் நீங்கள் தப்புப் பண்ணுங்கள். குச்சியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து 43-லிருந்து 18 போடுங்கள், சத்தமாக 35 என்று சொல்லுங்கள். பெரியவர்களைத் திருத்துவதைப்போல ஒரு சந்தோஷம் பிள்ளைகளுக்குக் கிடையாது. அப்பா தப்பு என்று அவள் கட்டைப் பிரித்துக் காட்டினால் வகுப்பில் வேலை நடந்திருக்கிறது. அவளும் ஆமாம் 35 என்று தலையாட்டினால், ஒருவேளை அங்கே வெறும் விளையாட்டுதான் நடந்ததோ என்னவோ. அப்போது டீச்சரைப் போய்ப் பாருங்கள்.

குச்சியே கதி என்றும் நான் சொல்லமாட்டேன். அடுத்த வருடமும் 13-உம் 5-உம் கூட்டக் குச்சியைத் தேடினாள் என்றால் அது நல்லதில்லை. கட்டு மனசுக்குள் போய்விட வேண்டும், கை வெறும் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வாய்ப்பாடும் வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு வாயில் தயாராக இல்லாத பிள்ளை பெரிய கணக்கில் நடுவழியில் நின்றுவிடும். மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏழு எட்டு என்றால் ஏழு கட்டு, கட்டுக்கு எட்டு என்று ஒரு தடவை அடுக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஒப்பிக்கட்டும்.

பள்ளியை மாற்றுவது உங்கள் முடிவு. நானாக இருந்தால் இந்த வருடம் பொறுப்பேன். டீச்சரைப் பார்க்கப் போகும்போது நோட்டில் ஏன் கணக்கு குறைவு என்று ஆரம்பிக்காமல், குச்சியிலிருந்து எழுத்துக் கணக்குக்கு எப்போது போவீர்கள் என்று கேளுங்கள். அவரிடம் பதில் இருக்கும். சார்ட்டைப் பற்றியும் சொல்லுங்கள், தயங்காமல். இன்னும் பத்து அப்பாக்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

பி.கு. கேள்விக்கு: விடுங்கள், கட்டட்டும். கட்டில் பத்துதான் இருக்கிறதா என்று எப்போதாவது எண்ணிப் பாருங்கள், ஒன்பது இருந்தால் சொல்லாமல் அப்படியே வையுங்கள், கணக்கு இடிக்கும்போது அவளே கண்டுபிடிப்பாள். ரப்பர் பேண்டு ஒரு பாக்கெட்டாக வாங்கிவிடுங்கள். பிரித்துப் பிரித்துக் கட்டினால் சீக்கிரம் அறுந்துபோகும்.