கெல்டிக் இலக்கியம் ஃபேன்டசி நாவல்களோடு நின்றுவிட்டதா?

மந்திரவாதி, வாள், தேவதை வரும் ஃபேன்டசி கதைகளைத் தவிர கெல்டிக் இலக்கியம் (அயர்லாந்து, வேல்ஸ் போன்ற பகுதிகளின் பழைய மொழிகளில் பிறந்த இலக்கியம்) இன்றைய எழுத்துக்கு ஏதாவது கொடுத்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே கொடுத்திருக்கிறது. என்னைக் கேட்டால் ஃபேன்டசிக்குப் போனது மேல்பூச்சு மட்டும்தான். ஒரே ஒரு பழைய ஐரிஷ் கதையை வைத்துச் சொல்கிறேன்.

ஸ்வீனி ஒரு சிற்றரசன். ரோனன் என்ற துறவி அவன் மண்ணில் தேவாலயத்துக்கு எல்லை குறிக்கிறார். அவர் அடிக்கும் மணியோசை காதில் விழுந்ததும் ஸ்வீனி ஆத்திரத்தோடு கிளம்புகிறான். மனைவி மேலாடையைப் பிடித்து இழுக்க, அது அவள் கையோடு வந்துவிடுகிறது. அம்மணமாகவே ஓடிப்போய்த் துறவியின் பைபிள் சங்கீதப் புத்தகத்தைப் பிடுங்கி ஏரியில் எறிகிறான். (மறுநாள் ஒரு நீர்நாய் அதை மீட்டுக் கொண்டுவருகிறது, கொஞ்சமும் சேதமில்லாமல்!) துறவி சும்மா விடுவாரா? சாபத்தின்படி, 637இல் நடந்த மாய்ரா போரின் இரைச்சலில் ஸ்வீனிக்குப் புத்தி பேதலிக்கிறது. பறவைபோல் மரத்துக்கு மரம் தாவுகிறான். ஓடையில் முளைக்கும் கீரைதான் சாப்பாடு. குளிரில் நடுங்கிக்கொண்டே ஒவ்வொரு மரத்தையும் பேர் சொல்லிப் பாடுகிறான். கடைசியில், சாணத்தில் குதிகாலால் குழி போட்டு ஒருத்தி ஊற்றிவைத்த பாலைக் குடிக்கும்போது, அவள் புருஷன் ஈட்டியால் குத்திவிடுகிறான்.

உரைநடையும் பாட்டும் மாறிமாறி வரும் இந்த ஆக்கத்தை ஐரிஷ் நாவலாசிரியர் ஃபிளான் ஓ'பிரையன் 1939இல் 'அட் ஸ்விம் டூ பேர்ட்ஸ்' நாவலுக்குள் இழுத்துவந்தார். வீட்டிலேயே ஐரிஷ் பேசி வளர்ந்தவர், ஐரிஷ் இயற்கைக் கவிதையில் ஆய்வும் செய்தவர். அதனால் கிண்டல் உள்ளிருந்தே வருகிறது. ஸ்வீனி மரத்திலிருந்து விழுந்து கௌபாய்களோடும் ஒரு குட்டிப் பூதத்தோடும் சேர்ந்துகொள்கிறான். கதாபாத்திரங்கள் தங்களை எழுதியவனுக்கே மயக்க மருந்து கொடுத்து, அப்புறம் அவன்மேல் விசாரணையும் நடத்துகிறார்கள். கதையே தன்னைக் கதையென்று காட்டிக்கொண்டு விளையாடும் பின்நவீனத்துவம் என்ற பேச்சு பரவுவதற்கு ரொம்ப முன்னாலேயே!

ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனி எடுத்துக்கொண்டது வேறு. வட அயர்லாந்தில் குண்டுவெடிப்பும் கலவரமுமாக இருந்த 1972இல் பெல்ஃபாஸ்டை விட்டுத் தெற்கே விக்லோவுக்குக் குடிபோனவர் அவர். போனதுமே ஸ்வீனியை மொழிபெயர்க்கத் தொடங்கினார், 1983இல் 'ஸ்வீனி அஸ்ட்ரே' வெளிவந்தது. ஊரைவிட்டுப் போனவனின் குற்றவுணர்வும் விடுதலையும் ஸ்வீனி பாட்டில் ஏற்கெனவே இருந்தன. அடுத்த வருடம் வந்த 'ஸ்டேஷன் ஐலண்ட்' தொகுப்பில் ஒரு பகுதி முழுக்க ஸ்வீனியின் குரலிலேயே சொந்தக் கவிதைகளை எழுதிவிட்டார்.

நீல் கெய்மனின் 'அமெரிக்கன் காட்ஸ்' நாவலிலும் ஒரு ஸ்வீனி உண்டு, சரி, அது ஃபேன்டசிக் கணக்கில் சேரட்டும்.

படிக்கப்போகிறீர்கள் என்றால் ஹீனியிலிருந்து தொடங்குங்கள். ஓ'பிரையனை முதலில் எடுத்தால் பாதி நையாண்டி பிடிபடாது.