பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள்: சீலியாக் நோயும் ‘குளூட்டன் ஃப்ரீ’ பொருள்களும்

சீலியாக் நோய் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துவைத்து இந்த முறை மொத்தமாகப் பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது பொருள் வாங்கும் சமாச்சாரம். சிகிச்சையை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்குச் சமீபத்தில்தான் சீலியாக் என்று உறுதியானது. ‘கோதுமை சேர்க்கப்படவில்லை’ என்று பெரிதாகப் போட்டிருந்ததால் காலை உணவுக்கான தானியப் பெட்டி ஒன்றை வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் பின்பக்கம் ‘பார்லி மால்ட் சாறு’ என்றிருக்கிறது. சாப்பிடலாமா?

வேண்டாம். பெட்டிக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன உண்மையால் உங்களுக்குப் பயனில்லை, அவ்வளவுதான். குளூட்டன் என்று நாம் சொல்லும் புரதக் குடும்பம் கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் இருக்கிறது. சீலியாக் உள்ளவர் இவற்றில் எதைச் சாப்பிட்டாலும், உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிப்போகின்றன. கோதுமை ஒவ்வாமை என்பது வேறு நோய். அந்தப் பெட்டியின் வாசகம் அந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது.

பார்லி பெரும்பாலும் மால்ட் (முளைக்கவைத்துக் காயவைத்த தானியம்) என்ற பெயரில்தான் பொட்டலத்துக்குள் வரும்: மால்ட் சாறு, மால்ட் சுவையூட்டி, மால்ட் வினிகர், மால்ட் பானப் பொடி. சோயா சாஸில் வழக்கமாகக் கோதுமை உண்டு. ஸ்பெல்ட், டூரம், டிரிட்டிகேல், கூஸ்கூஸ், ரவை, மைதா எல்லாமே கோதுமையோ அதன் கலப்பினமோதான். பக்வீட் மட்டும் கோதுமை வகை இல்லை, அது உங்களுக்கு ஆகும்.

இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டு லேபிள் என்றும் பாருங்கள். அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டு ஒவ்வாமைச் சட்டம் கோதுமையைத்தான் கட்டாயம் குறிப்பிடச் சொல்கிறது. பார்லிக்கும் ரைக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குளூட்டன் உள்ள தானியம் எதைச் சேர்த்தாலும் பெயர் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதிய பொருளிலும் 20 பிபிஎம் வரை குளூட்டன் இருக்கலாமாம். ‘ஃப்ரீ’ என்று சொல்லிவிட்டு இது என்ன ஏமாற்று வேலை?

கோபம் புரிகிறது, ஆனால் இதில் ஏமாற்று இல்லை. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2008இல் திருத்திய வரையறைப்படி, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. 20 பிபிஎம் என்பது அதுதான். அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா உட்படப் பல இடங்களில் இதே அளவு. எல்லையைத் தொட்டு நிற்கும் பிஸ்கட்டை 100 கிராம் சாப்பிட்டால் உள்ளே போவது 2 மில்லிகிராம். சாதாரணக் கோதுமை ரொட்டியின் ஒரு துண்டில் சுமார் 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் இருக்கும். அந்தத் துண்டில் நூற்றில் ஒரு பங்கு பிசிறு உங்கள் தட்டில் விழுந்தால் 20 மில்லிகிராம். எல்லையைத் தொட்ட பிஸ்கட்டை ஒரு கிலோ தின்றால்தான் அவ்வளவு சேரும்.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில் தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் குளூட்டன் எடுத்துக்கொண்டவர்களின் குடலில் பாதிப்பு தெரிந்தது. பெரும்பாலானவர்கள் அந்த அளவுக்குக் கீழே நிற்பதற்கு 20 பிபிஎம் உதவுகிறது. ஆய்வகத்தில் நம்பிக்கையாக அளக்கவும் முடிகிறது. பூஜ்யத்தை எந்தக் கருவியாலும் நிரூபிக்க முடியாது.

இன்னும் கறாராக வேண்டுமா? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது என்பது விதி. குளூட்டன் இல்லாத பொருள்களுக்குச் சான்று தரும் ஜிஎஃப்சிஓ அமைப்பின் முத்திரைக்கு 10 பிபிஎம் வரம்பு. ஐரோப்பாவில் அதிகம் காணப்படும், குறுக்குக் கோடு போட்ட கதிர்ச் சின்னத்துக்கு 20. நான் காசு கொடுப்பதானால் இப்படி வெளியாள் சோதித்துத் தரும் முத்திரைக்குத்தான் கொடுப்பேன். ‘குளூட்டன் உள்ள பொருள் எதுவும் சேர்க்கவில்லை’ என்பது வேறு வாசகம். என்ன சேர்த்தார்கள் என்பதை அது சொல்கிறது, என்ன கலந்துபோனது என்பதைச் சொல்வதில்லை. ஐரோப்பிய லேபிளில் ‘மிகக் குறைந்த குளூட்டன்’ என்றிருந்தால் 100 பிபிஎம் வரை போகலாம். அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு கம்பெனியின் கடலை மாவில் ‘கோதுமையின் தடயங்கள் இருக்கலாம்’ என்று எச்சரிக்கை. பக்கத்திலிருந்த இன்னொரு கம்பெனி மாவில் ஒன்றும் இல்லை. இரண்டாவதுதானே நல்லது?

அப்படிச் சொல்ல முடியாது. பல நாடுகளில் இந்த எச்சரிக்கை கம்பெனியின் விருப்பம்தான், சட்டம் கேட்பதில்லை. எச்சரிக்கை போட்டவர் யோசித்திருக்கிறார். போடாதவர் சுத்தமாக இருப்பவராகவும் இருக்கலாம், யோசிக்காதவராகவும் இருக்கலாம். மாவு மில்லில் முந்தைய சுற்றில் கோதுமை ஓடியிருந்தால் எதுவும் கலக்கும். அமெரிக்காவில் 2010இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், இயற்கையாகவே குளூட்டன் இல்லாத, ஆனால் அப்படி முத்திரை பெறாத 22 தானிய, மாவு மாதிரிகளைச் சோதித்தார்கள். 7 மாதிரிகள் 20 பிபிஎம்மைத் தாண்டின. மாவு வாங்கும்போது முத்திரை உள்ளதை வாங்குங்கள், அல்லது முழுத் தானியமாக வாங்கி, பொறுக்கி, கழுவி, கோதுமை ஏறாத இயந்திரத்தில் அரைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓட்ஸ் சாப்பிடலாமா? ஒருவர் சரி என்கிறார், இன்னொருவர் கூடவே கூடாது என்கிறார்.

இருவர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. ஓட்ஸில் இருப்பது அவெனின் என்ற புரதம். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் சாதாரண ஓட்ஸ் வயலிலிருந்து லாரி வரை கோதுமையோடும் பார்லியோடும் கலந்தே வருகிறது. ஆகவே ‘குளூட்டன் ஃப்ரீ’ முத்திரை உள்ள ஓட்ஸ் மட்டும், அதுவும் குடல் ஓரளவு ஆறிய பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கொஞ்சமாகத் தொடங்குங்கள். ஆஸ்திரேலியாவில் ஓட்ஸை ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று விற்கவே முடியாது.

கேள்வி: குளூட்டன் இல்லாத ரொட்டியும் கேக்கும் ஏன் இத்தனை விலை? குடும்பம் முழுக்க அதற்கே மாறினால் எல்லோருக்கும் ஆரோக்கியம்தானே என்கிறாள் மகள்.

மாவைப் பிடித்து இழுத்து நிறுத்துவது குளூட்டன்தான். அது இல்லாத இடத்தில் சாந்தன் கம், சைலியம் உமி, பலவித மாவுச்சத்து என்று ஒரு கூட்டத்தையே சேர்க்க வேண்டியிருக்கிறது. தனி உற்பத்தி வரிசை, ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை, குறைந்த விற்பனை, எல்லாம் விலையில் ஏறும். கனடாவில் 2008இல் வெளியான ஒப்பீட்டில் இத்தகைய பொருள்கள் சாதாரணப் பொருள்களைவிடச் சராசரியாக 242 சதவீதம் கூடுதல் விலையில் இருந்தன.

கொடுத்த காசுக்குச் சத்து கூடுதலா என்றால் அதுவும் இல்லை. இந்த ரொட்டிகளில் நார்ச்சத்தும் இரும்பும் பி வைட்டமின்களும் குறைவாகவும், கொழுப்பும் சர்க்கரையும் தூக்கலாகவும் இருப்பது சகஜம். நோய் இல்லாதவர்களுக்கு இதனால் லாபம் எதுவும் கிடையாது. உங்களுக்கும் மாற்று ரொட்டியைவிட அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, பருப்பு, காய், பழம், முட்டை, மீன், பால் என்று இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை மலிவு, நல்லதும்கூட. அரிசியை மட்டுமே நம்ப வேண்டாம். மற்ற தானியங்களைவிட அரிசியில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் கூடுதலாகச் சேர்வதால் மாற்றி மாற்றிச் சாப்பிடுவது நல்லது.

கேள்வி: வீட்டில் எனக்கு மட்டும்தான் இந்த நோய். சமையல் பாத்திரம் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டுமா? கடையில் ‘சீலியாக் கிச்சன் செட்’ என்றே விற்கிறார்கள்.

அந்த செட்டை விட்டுவிடுங்கள். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் இவற்றை சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். குளூட்டன் ஒரு புரதம். கிருமி மாதிரி பெருகாது, கழுவினால் போய்விடும். சூடாக்கினால் மட்டும் போகாது.

தனியாக வாங்க வேண்டியது மாவு ஒளிந்துகொள்ளும் சாமான்கள்தான்: சல்லடை, வடிதட்டு, கீறல் விழுந்த மரக்கரண்டி, மரப்பலகை. ரொட்டி சுடும் டோஸ்டரைச் சிலர் பெரிய எதிரியாகப் பார்க்கிறார்கள். 2020இல் வந்த ஓர் ஆய்வில் பொது டோஸ்டரில் சுட்ட குளூட்டன் இல்லாத ரொட்டி 20 பிபிஎம்மைத் தாண்டவில்லை. சாதாரணப் பாஸ்தா வேகவைத்த தண்ணீரிலேயே வேகவைத்த குளூட்டன் இல்லாத பாஸ்தாதான் தாண்டியது. அது சிறிய ஆய்வு. டோஸ்டர் மலிவாகக் கிடைத்தால் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கோதுமை மாவோ மைதாவோ தோய்த்துப் பொரித்த எண்ணெயை மட்டும் திரும்பத் தொடாதீர்கள். வெளியில் சாப்பிடும்போதும் உருளைக்கிழங்கு வறுவல் எந்த எண்ணெயில் பொரிக்கப்பட்டது என்று கேளுங்கள்.

ஜாம், வெண்ணெய் பாட்டில்களுக்குப் பெயர் ஒட்டுங்கள். மற்றவர்கள் ரொட்டியில் தடவிய கத்தியை மறுபடி உள்ளே விடுவார்கள். சொன்னாலும் விடுவார்கள்.

கேள்வி: மகனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. பரிசோதனைக்குச் செலவு செய்யும் முன் ஒரு மாதம் கோதுமையை நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டிலேயே செய்யும் ரத்தப் பரிசோதனை கிட்டும் கிடைக்கிறது.

தயவுசெய்து நிறுத்தாதீர்கள், பரிசோதனை முடியும்வரை அவன் வழக்கம்போலவே சாப்பிடட்டும். டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை குளூட்டனுக்கு உடல் காட்டும் எதிர்வினையைத்தான் அளக்கிறது. சாப்பாட்டில் குளூட்டன் இல்லையென்றால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். பிறகு உறுதி செய்ய மாதக்கணக்கில் நின்றதை மறுபடி வாரக்கணக்கில் ஊட்ட வேண்டியிருக்கும், அது பிள்ளைக்கு வேதனை. ஐஜிஏ என்பது ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம், அதன் மொத்த அளவையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு ஐஜிஏவே குறைவாக இருந்து முடிவைப் பொய்யாக்கிவிடும். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி செய்து குடல் திசுவை எடுத்துப் பார்ப்பார்கள்.

வீட்டு கிட்டில் ‘உண்டு’ என்று வந்தாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும், ‘இல்லை’ என்று வந்து தொந்தரவு தொடர்ந்தாலும் அப்படியே. அந்தக் காசை நேராக ஆய்வகத்தில் கொடுக்கலாம். மரபணு கிட்டில், சீலியாக்கோடு தொடர்புள்ள மரபணு வகைகளான எச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 இருக்கிறது என்று வந்தால் அலற வேண்டாம். பல நாடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது, சீலியாக் வருவதோ சுமார் நூறில் ஒருவருக்குத்தான். இரண்டும் இல்லை என்று வந்தால் சீலியாக்காக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு துளி ரத்தத்தில் நூறு உணவுகளுக்கு ‘ஐஜிஜி ஒவ்வாமை’ பார்த்துச் சொல்கிறோம் என்பவர்களை ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்களே ஏற்பதில்லை. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: கல்யாண விருந்துக்கு முன் போட்டுக்கொள்ளும் ‘குளூட்டன் செரிமான’ மாத்திரை வேலை செய்யுமா? உணவைச் சோதிக்கும் கைக்கருவி?

மாத்திரை வேண்டாம். குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டுவிட்டுத் தப்பிக்க உதவும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து சீலியாக்குக்கு இதுவரை இல்லை. கருவி தட்டின் ஒரு மூலையில் எடுத்த துளியைத்தான் சோதிக்கிறது, மறு மூலையில் இருப்பது அதற்குத் தெரியாது. புளிக்கவைத்த பொருள்களில் குளூட்டன் உடைந்து கிடப்பதால் இத்தகைய சோதனைகள் தவறவும் விடும். பார்லியில் செய்து ‘குளூட்டன் நீக்கியது’ என்று விற்கும் பீரில் சிக்கலும் இதுதான்.

கேள்வி: குளூட்டன் இல்லாத ஷாம்பு வாங்க வேண்டுமா?

தேவையில்லை, குடிக்காதவரை. உதட்டுச்சாயமும் பற்பசையும் கொஞ்சம் வாய்க்குள் போகும் என்பதால் அவற்றின் லேபிளை மட்டும் ஒருமுறை பாருங்கள். மாத்திரைகளில் சேர்க்கும் மாவுச்சத்து எதிலிருந்து எடுத்தது என்று மருந்தாளுநரிடம் கேட்கலாம்.

கேள்வி: முத்திரை உள்ள பிஸ்கட்டைச் சாப்பிட்டு இரண்டு நாள் படுத்துவிட்டேன். யாரிடம் புகார் செய்வது? நிரூபிக்க முடியுமா?

முதலில் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மீதமுள்ள பிஸ்கட்டை அப்படியே மூடி, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். அந்த எண் இல்லாமல் கம்பெனியால் எதையும் தேட முடியாது. பிறகு கம்பெனிக்கும், முத்திரை கொடுத்த அமைப்புக்கும், உங்கள் நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். கம்பெனிக்கு மட்டும் எழுதினால் ஒரு கூப்பனோடு விஷயம் முடிந்துபோகும்.

வயிற்று வலி மட்டும் சாட்சி ஆகாது. அன்று சாப்பிட்ட வேறு எதுவாகவும் இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம். ஆய்வகச் சோதனைதான் பேசும், அதற்கு அதே தொகுதியின் பிரிக்காத பொட்டலம் இன்னொன்று இருந்தால் உங்கள் கை ஓங்கும். புகாருக்குப் பலன் இருக்காது என்று நினைக்க வேண்டாம். 2015 அக்டோபரில் ஜெனரல் மில்ஸ் நிறுவனம், கலிபோர்னியாவின் லோடி ஆலையில் செய்த சீரியோஸ் தானிய உணவை 18 லட்சம் பெட்டிகள் திரும்பப் பெற்றது. குளூட்டன் இல்லாத ஓட்ஸ் மாவு வழியில் கோதுமை மாவு கலந்துவிட்டது காரணம். எந்தப் பெட்டி, எந்தத் தேதி என்று வாங்கியவர்கள் பிரித்தறிந்தது பெட்டியில் அச்சான அந்தக் குறியீட்டை வைத்துத்தான்.