ஜெனீவாவில் நாற்காலி காலி

கேள்வி: 2025 ஆகஸ்டில் டிரம்ப் 50 சதவீத வரி போட்டு திருப்பூர் பனியனை முடக்கினார். உலக வர்த்தக அமைப்பு வாயே திறக்கவில்லை. அதிரடித் தலைவர்களைக் கண்டால் இந்தச் சர்வதேச அமைப்புகளுக்கு ஏன் இத்தனை பயம்?
– வாசகர், பெருமாநல்லூர்

பதில்: தானாக வழக்கெடுக்க ஜெனீவாவில் இருக்கும் அந்த அமைப்புக்கு அதிகாரம் கிடையாதுங்க. பாதிக்கப்பட்ட நாடு போய் மனுக் கொடுக்க வேண்டும். பிரேசில் அந்த ஆகஸ்டிலேயே கொடுத்தது. நாம் பேச்சுவார்த்தைக்குப் போனோம்.

சரி, வழக்குப் போட்டு ஜெயித்தாலும்? அங்கே மேல்முறையீட்டு அமர்வில் ஏழு நாற்காலி. ஒரு வழக்கைக் கேட்க மூன்று பேராவது வேண்டும். ஆளைப் போட எல்லா உறுப்பு நாடுகளும் தலையாட்ட வேண்டும். அமெரிக்கா ஆட்டவில்லை, 2019 டிசம்பரோடு அமர்வு படுத்துவிட்டது. டிரம்ப் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். 2016இல் ஒருவரின் மறுநியமனத்தைத் தடுத்துப் பாதை போட்டது ஒபாமா அரசு. பைடனும் வந்து கதவைத் திறக்கவில்லை. ஆக, கீழே தோற்றவர் 'மேல்முறையீடு' என்று ஒரு தாளை நீட்டிவிட்டால் தீர்ப்பு அந்தரத்தில் தொங்கும். எஃகு வரி வழக்கில் தோற்ற அமெரிக்கா அதைத்தான் செய்தது.

நாமும் செய்தோம் என்பதுதான் சங்கதி. நம் கரும்பு விலை ஆதரவு உலக வர்த்தக அமைப்பின் வரம்பை மீறுகிறது என்று ஆஸ்திரேலியா, பிரேசில், குவாதமாலா தொடுத்த வழக்கில் 2021 டிசம்பரில் இந்தியா தோற்றது. உடனே, ஆளில்லாத அந்த அமர்வுக்கு மேல்முறையீடு! கோபி, சத்தி கரும்புக்காரருக்குக் குடை பிடித்த அதே காலி நாற்காலிதான் பனியன்காரரை வெயிலில் நிறுத்தியது. அன்றைக்கு யாரும் எனக்குக் கேள்வி அனுப்பவில்லை.

மற்ற அமைப்புகள்? நோம்பித் திருவிழாவுக்குப் பெரிய வரி கட்டுகிறவர் 'இனி தரமாட்டேன்' என்றால் ஊர் என்ன செய்யும்? செலவைக் குறைக்கும், மற்றவர்களின் வரியை ஏற்றும். அமெரிக்கா விலகுவதாக அறிவித்ததும் உலக சுகாதார அமைப்பு 2026-27 பட்ஜெட்டை 21 சதவீதம் வெட்டியது. எல்லா நாடுகளின் கட்டாயச் சந்தாவையும் 20 சதவீதம் ஏற்றும் பழைய திட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு ரகம். உக்ரைனைச் சேர்க்கும் பேச்சுக்குக் குறுக்கே நின்ற ஹங்கேரியின் அன்றைய பிரதமர் ஓர்பானுக்கு, 2023 டிசம்பரில் முடக்கி வைத்திருந்த 1,020 கோடி யூரோவை விடுவித்தார்கள். மறுநாள் முடிவெடுக்கும் நேரத்தில் மனிதர் எழுந்து வெளியே போய்விட்டார், முடிவு நிறைவேறியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லையாம். நம்புவோம்.

அமெரிக்கா பூட்டிய கதவுக்குப் பக்கத்தில், ஐரோப்பா, சீனா, பிரேசில் உள்ளிட்ட நாடுகள் 2020இல் தங்களுக்குள் ஓர் இடைக்கால மேல்முறையீட்டு ஏற்பாடு செய்துகொண்டன. இந்தியா அதில் சேரவில்லை. ஏன் என்று உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.