மருத்துவர்கள் ஏன் கவுன்டி கூட்டத்துக்கு வருவதில்லை? (கடிதம்)

வணக்கம்.

அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் எச்.ஐ.வி. கிளினிக் ஒன்றின் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். 2019-ல் அறிவிக்கப்பட்ட எச்.ஐ.வி. ஒழிப்புத் திட்டத்தில் எங்கள் கவுன்டியும் (மாநிலத்துக்குள் ஒரு மாவட்டம் போன்றது) உண்டு. கவுன்டியை நடத்தும் கமிஷனர்களின் கூட்டங்களுக்கு வந்து பேசும்படி எங்கள் மருத்துவர்களுக்கு எத்தனையோ மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். "நல்ல காரியம்" என்கிறார்கள், ஆனால் யாரும் வருவதில்லை. என்னதான் செய்வது?

கே.

அன்புள்ள கே.,

"வந்து பேசுங்கள்" என்ற அழைப்பில் எந்தக் கூட்டம், எந்த முடிவு, எவ்வளவு நேரம் என்பது எதுவும் இல்லை. மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட் பட்டியல் ஆறு, எட்டு வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். அடுத்த செவ்வாய் மாலை வாருங்கள் என்றால் ஆர்வமுள்ளவரும் கைவிரிப்பார். கவுன்டியின் கூட்ட நாட்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு மாதம் முன்னால் ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு தீர்மானத்துக்காக, மூன்று நிமிடம் கேளுங்கள். பொதுமக்கள் எழுந்து பேசும் 'பொதுக் கருத்து' நேரத்தில் ஒருவருக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். பேச வேண்டியதை ஒரு பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள், அவர் திருத்திக்கொள்ளட்டும். வரமுடியாதவர் அதையே கையெழுத்திட்டு எழுத்துமூலமாகத் தரலாம். செவிலியர்களையும் மருந்தாளுநர்களையும் மறந்துவிடாதீர்கள். மாத்திரை கிடைக்காமல் திரும்பிப் போகிறவரை முதலில் பார்ப்பவர் மருந்தாளுநர்தான்.

அடுத்த தயக்கம் வேலை பற்றிய பயம். லாபநோக்கற்ற மருத்துவமனைகள் தேர்தல் வேட்பாளரை ஆதரிக்கவே கூடாது, லாபி (சட்டம் இயற்றுபவர்களிடம் ஆதரவு திரட்டுவது) செய்யவும் வரம்புண்டு. ரயன் வொயிட் (எச்.ஐ.வி. சிகிச்சைக்கான நிதித் திட்டம்) போன்ற மத்திய மானியத்தில் சம்பளம் ஓடும் நேரத்தில் ஒரு சட்ட முன்வடிவுக்கு ஆதரவு திரட்டக்கூடாது. ஆனால் கிளினிக்கில் என்ன நடக்கிறது என்று தகவல் சொல்வது லாபி ஆகாது. தீர்மானத்தை ஆதரித்தே பேசுவதென்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு, "என் சொந்தக் கருத்து" என்று சொல்லிவிட்டுப் பேசட்டும். நிர்வாகத்துக்கும் முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுங்கள். மறுநாள் செய்தித்தாளைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொண்டால் அந்த மருத்துவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

என்ன பேசுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நோயாளியின் கதையைச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா விதி, நீக்கவேண்டிய 18 வகை அடையாளங்களைப் பட்டியலிடுகிறது. ஆனால் சிறிய கவுன்டியில் "போன வருடம் பிரசவமான லாரி டிரைவரின் மனைவி" என்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். கதைக்குப் பதில் கால அளவைச் சொல்லச் சொல்லுங்கள்: நோய் உறுதியானதிலிருந்து எத்தனை நாளுக்குள் பாதிப் பேர் முதல் மாத்திரை பெற்றார்கள், காப்பீட்டின் முன்அனுமதிக்கு எத்தனை நாள் போனது, ஓராண்டு கழித்து எத்தனை விழுக்காட்டினரின் வைரஸ் அளவு ஒரு மில்லி ரத்தத்தில் 200-க்குக் கீழே இருக்கிறது. நாட்டுப் புள்ளிவிவரம் அங்கே எடுபடாது. "நம்ம கவுன்டியில் எவ்வளவு?" என்றுதான் கமிஷனர் கேட்பார்.

கவுன்டிக்குக் கொண்டுபோகக் கூடாத பிரச்சினைகளும் உண்டு. 2019 ஜூனில், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் பிரெப் மாத்திரைக்கு அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 'ஏ' தரம் கொடுத்தது. அதனால் பெரும்பாலான தனியார் காப்பீடுகள் அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. அதையொட்டிய பரிசோதனைகளுக்கும் இது பொருந்தும் என்று 2021-ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. அப்படியும் ரத்தப் பரிசோதனைக்கு பில் வருகிறதென்றால் முதலில் உங்கள் பில்லிங் மேசையைப் பாருங்கள். தடுப்புச் சேவை என்று காட்டும் 33 என்ற மாடிஃபையர் (துணைக் குறியீடு) விடுபட்டிருக்கும், அல்லது பிரெப்புக்கான இசட்29.81 போடவேண்டிய இடத்தில் வேறு குறியீடு இருக்கும். இதைப் போய் மேடையில் முழங்கினால் மருத்துவரின் மரியாதைதான் போகும்.

இந்தியானாவின் ஸ்காட் கவுன்டியைக் கவனியுங்கள். வலிமாத்திரையைக் கரைத்து, ஊசியைப் பகிர்ந்து ஏற்றிக்கொண்ட பழக்கத்தால் 2015-ல் அங்கே எச்.ஐ.வி. பரவி, 200-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. சுத்தமான ஊசி தரும் ஊசி மாற்றுத் திட்டம் வந்தது, புதிய தொற்று மளமளவென்று குறைந்தது. ஆனாலும் 2021-ல் மூன்று கமிஷனர்களில் இருவர் அதை மூட வாக்களித்தார்கள். 2015-ல் மாநிலச் சுகாதார ஆணையராக இருந்து, பின்னாளில் நாட்டின் சர்ஜன் ஜெனரலான (பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவர்) ஜெரோம் ஆடம்ஸே மூட வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. எதிர்த்தவர்களின் கவலை எச்.ஐ.வி. அல்ல. ஊசியைக் கொடுத்து, அதில் ஒருவர் அளவுமீறி ஏற்றிச் செத்தால் யார் பொறுப்பு என்பது அவர்கள் கேள்வி. தொற்றுக் கணக்கு அதற்குப் பதிலாகாது. அளவுமீறியவரை மீட்கும் நலாக்சோன் மருந்தை எத்தனை பேருக்குக் கொடுத்தோம், போதை சிகிச்சைக்கு எத்தனை பேரை அனுப்பினோம் என்பதே பதில். அதுவும் கூட்டத்தில் அல்ல, இரண்டு வாரம் முன்பே, தயங்கும் கமிஷனரின் அறையில் உட்கார்ந்து பேசவேண்டியது. கூட்டத்துக்கு வரும்போது அநேகமாக மனதில் முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

பேச்சாளர் பட்டியலில் பெயர் கொடுக்கும்போது, பொதுக் கருத்து நேரத்திலா, குறிப்பிட்ட தீர்மானத்தின் மீதா என்று பார்த்துக் கொடுங்கள். பொதுக் கருத்தின்போது பெரும்பாலும் எந்த முடிவும் எடுக்கமாட்டார்கள். வாக்கெடுப்பு முடிந்த ஒரு வாரத்துக்குள், தோற்றிருந்தாலும், முடிவைப் பேசியவருக்குத் தெரிவியுங்கள்.

இன்னொன்று. ரயன் வொயிட் நிதியைப் பங்கிடும் திட்டக் குழுவில் குறைந்தது 33 விழுக்காடு அந்தச் சேவையைப் பெறும் எச்.ஐ.வி. உள்ளவர்களாக இருக்கவேண்டும் என்பது சட்டம். மருத்துவர்களைத் தேடி அலைகிற அவசரத்தில் அவர்கள் இடத்தில் மருத்துவரை உட்காரவைத்துவிடாதீர்கள். கவுன்டி கூட்டத்திலும் நோயாளிகளின் பிரதிநிதி முதலில் பேசட்டும். மருத்துவர் முந்திக்கொண்டால் கேள்விகள் எல்லாம் அவர் பக்கமே திரும்பிவிடும்.