பதின்மூன்று லட்சம் பேர் எங்கே போனார்கள்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொலம்பியா பற்றிய கட்டுரையில் அங்குள்ள கறுப்பின மக்கள் 10.6 சதவீதம் என்று எழுதியிருந்தீர்கள். அது 2005 கணக்கு. 2018 கணக்கெடுப்பில் 6.7 சதவீதம்தான். 43 லட்சம் பேர் 30 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். பழைய எண்ணைப் போட்டது கவனக்குறைவா? இல்லை, அந்தப் பதின்மூன்று லட்சம் பேர் நாட்டைவிட்டே போய்விட்டார்களா?

செந்தில்வேல், ஈரோடு

அன்புள்ள செந்தில்வேல்,

யாரும் எங்கும் போகவில்லை. 2018 எண்ணைத் தெரிந்தேதான் தவிர்த்தேன். காரணத்தைச் சொல்லாமல் தவிர்த்தது என் பிழை.

அதை வெளியிட்ட அரசுப் புள்ளியியல் துறையான டானேவே அதை நம்பவில்லை. அதே 2018இல் அது நடத்திய வாழ்க்கைத்தர மாதிரி ஆய்வில் 46.7 லட்சம், அதாவது 9.3 சதவீதம் வந்தது. ஒரே ஆண்டு, ஒரே துறை, இரண்டு எண்கள்.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை கூடும். 1993இல் கிடைத்தது வெறும் 1.5 சதவீதம். அப்போது கேட்ட கேள்வி: "நீங்கள் ஏதேனும் இனக்குழுவையோ, பழங்குடியையோ, கறுப்பினச் சமூகத்தையோ சேர்ந்தவரா?" ஆற்றங்கரைக் கிராமத்தில் கூட்டாக வாழ்கிறவருக்கு இது புரியும். 'காலி' (Cali) என்ற பெருநகரத்தில் வாடகை வீட்டில் இருப்பவர் 'நான் எந்தச் சமூகத்தில் இருக்கிறேன்' என்று யோசித்து 'இல்லை' என்றுதான் சொல்வார். 2005இல் கேள்வியை மாற்றினார்கள்: பண்பாடு, இனம் அல்லது உடல்தோற்றத்தின்படி உங்களை யாராகக் கருதுகிறீர்கள்? விடைகளில் 'நேக்ரோ' (கறுப்பர்), 'முலாத்தோ' (கறுப்பர்-வெள்ளையர் கலப்பினர்), 'ஆப்ரோகொலம்பியானோ' (ஆப்பிரிக்க வழிவந்த கொலம்பியர்) எல்லாம் ஒரே கட்டத்தில் இருந்தன. சான் ஆந்திரேஸ் தீவின் கறுப்பின மக்களான ரைசால்களுக்கும், தப்பியோடிய அடிமைகள் அமைத்த சான் பசிலியோ ஊரின் மக்களான பலேங்கேரோக்களுக்கும் தனிக் கட்டங்கள். சதவீதம் ஏழு மடங்கானது. அப்போதும் கரீபியக் கரையில் பலர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் 'மொரேனோ' (கருநிறத்தவர்) என்ற சொல் அதில் இல்லை.

2018இல் கேள்வி ஏறக்குறைய அதேதான். ஆகவே சிக்கல் வினாத்தாளில் இல்லை, வாசற்படியில் இருந்தது. கணக்கெடுப்பாளர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலே தாண்டினார்கள் என்று கறுப்பின அமைப்புகள் புகார் சொல்லின. பாதுகாப்பில்லாத பகுதிகளுக்குள் போக முடியாததையும் பயிற்சிக் குறைகளையும் துறையே ஒப்புக்கொண்டது. நாடு முழுவதற்குமே விடுபட்டவர்கள் 8.5 சதவீதம் என்பது அதன் கணக்கு. பல ஊர்களுக்குப் படகில் மட்டுமே போகக்கூடிய பசிபிக் கரையில் அந்த ஓட்டை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். போதாததற்கு, ஒரு வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்லிவிடுவது உண்டு. கலப்புக் குடும்பத்தில் யார் கதவைத் திறக்கிறார் என்பதைப் பொறுத்து மொத்தக் குடும்பத்தின் இனமும் மாறிவிடும்.

வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம்வரை போனது. 2022இல் வந்த டி-276 தீர்ப்பு, இந்த விடுபடல் அந்த மக்களின் அடிப்படை உரிமைகளை மீறியது என்றது. பிரதிநிதிகள் சபையில் அவர்களுக்குள்ள இரண்டு தனி இடங்கள் சட்டத்தில் நிர்ணயிக்கப்பட்டவை; எண்ணிக்கை குறைந்தால் குறைவதில்லை. அடிபடுவது திட்டமும் நிதியும்தான்.

கொலம்பியா மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவின் 2020 கணக்கெடுப்பில் பழங்குடி மொழி பேசுவோர் 6.1 சதவீதம். அதே கணக்கெடுப்பின் விரிவான படிவத்தில் 'நான் பழங்குடி' என்றவர்கள் 19.4 சதவீதம். நாளிதழ்கள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. பொலிவியாவில் 2001இல் 62 சதவீதமாக இருந்த பழங்குடியினர் 2012இல் ஏறத்தாழ 41 ஆனார்கள். அங்கே கேள்வியின் வாசகமும் மாறியிருந்தது. வீழ்ச்சிக்கு அது மட்டுமா காரணம் என்ற சண்டை வேறு.

இனி எழுதும்போது 46.7 லட்சத்தையே போடுவேன், மாதிரி ஆய்வு என்ற குறிப்போடு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாதிரி ஆய்வு நாட்டுக்கும் பெரிய மாகாணங்களுக்கும்தான் உதவும். கறுப்பின மக்கள் மிகுந்த பசிபிக் கரை மாகாணமான சோக்கோவில் ஒரு சிறு நகராட்சிக்குப் பள்ளி எத்தனை, மருத்துவ நிலையம் எத்தனை என்று முடிவுசெய்ய வேண்டுமானால் வீடு வீடாக எடுத்த கணக்குத்தான் வேண்டும். ஓட்டை விழுந்திருப்பதும் அதில்தான்.