கருப்பட்டி கேக்குக்குப் பின் ஒயின் புளித்தது ஏன்?

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் கிறிஸ்துமஸ் விருந்தில் கருப்பட்டி கேக்குக்குப் பின் குடித்த சிவப்பு ஒயின் புளித்ததா? ஒயின் கெட்டிருக்காது, கேக்கை முந்திக் கொடுத்ததுதான் வினை. இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு முன்னால் சாயல்குடிக் கருப்பட்டி நாக்கில் படிந்துவிட்டால், புளிப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும்.

தங்கச்சிமடத்தில் அடுத்த கிறிஸ்துமஸ் விருந்துக்கு முன் சோதித்துப் பாருங்கள். ஒயினை ஒரு மிடறு குடியுங்கள். பிறகு செடார் சீஸ் ஒரு துண்டை நன்றாக மென்று, மறு மிடறு. கொழுப்பும் உப்பும் சேர்ந்து துவர்ப்பை அடக்குவது உடனே தெரியும். வினிகர் வாடை அடித்தால் மட்டுமே ஒயின்மேல் குற்றம்.

ஆகவே சீஸ் முதலில், கேக் கடைசியில். கேக்குக்கு அதைவிட இனிப்பான ஒயின் வேண்டும்; போர்ட் என்ற இனிப்பு ஒயின் அருமையாகப் பொருந்தும்.

கடற்கரைப் புழுக்கத்தில் சிவப்பு ஒயினையும் 20 நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். போர்ட்டில் ஆல்கஹால் சுமார் 20 சதவீதம். குடித்தவர் யாரும் வண்டியெடுத்துப் பாம்பன் பாலம் ஏற வேண்டாம்.